சக்கரத்துக்கு அரை வாளித் தண்ணீர்

உதயகுமார் அந்தப் பதினாலு வருஷத்துப் பழைய காரை வாங்கியது ஒரே ஒரு காரியத்துக்காக. மனைவி பூவிழிக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவம் பொன்னேரி ஆஸ்பத்திரியில். பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து அவளை ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போக அவனுக்கு மனம் வரவில்லை. அந்தக் குலுக்கலைக் காரே செய்து தரும் என்று பாவம், அவன் நினைக்கவில்லை.

சும்மா ஓடும்போது வண்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. வேகத்தில் பிரேக்கை மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் குளிர்ஜுரம் கண்ட ஆள் மாதிரி நடுங்கும். அதில் முதல் தடவை செக்கப்புக்குப் போய்வந்த அன்றே பூவிழி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இதுல ஏறுனா ஆஸ்பத்திரி வரைக்கும் எதுக்கு? பாதி வழிலயே புள்ள வெளிய வந்து, இன்னா நைனா இதுன்னு உன்னக் கேக்கும். எனக்கு பஸ்ஸே போதும் மாமா."

அலையைத் தாண்டிப் படகு விடுகிறவனுக்கு இது சின்ன அவமானமா? பொன்னேரி மெக்கானிக் ராபர்ட்டிடம் போய் முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் டிஸ்க் போட்டான். மூன்று வாரம் வண்டி சமர்த்தாக இருந்தது. பிறகு அதே நடுக்கம். பூவிழி பஸ் நேரங்களை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தாள், அவன் காதில் விழும்படியாக.

டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் இருக்கையில் மறுபடி ராபர்ட் முன்னால் போய் நின்றான். அவரே ஓட்டிப் பார்த்தார். மிதித்தால் ஆடுகிறது, காலை எடுத்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. டயர் மேல் பழி போட வழியில்லை. சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கில் கோணல் அளக்கிற டயல் கேஜை வைத்து மெல்லச் சுற்றினார். அசையாமல் நிற்க வேண்டிய முள் ஏறி ஏறி இறங்கியது.

"நான் போட்ட டிஸ்க்கு இது. ஒரு மாசத்துல எப்பிடிக் கோணும்? வூட்டுக்குப் போனதும் வண்டிய இன்னா பண்றே?"

"நிறுத்திட்டுக் கழுவுறதுதான்."

"எப்போ?"

"நின்னவுடனே. உப்புக் காத்துல வருதில்லண்ணே. படகு எஞ்சின் கரைக்கு வந்தா உடனே நல்ல தண்ணி ஊத்துறோமில்ல, அதுமாரி. சக்கரத்துக்கு அர வாளி ஊத்துனா சொய்யினு..."

பேசிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. ராபர்ட் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வழியெல்லாம் வேகத்தடைக்கும் மாட்டுக்கும் மிதித்து மிதித்துக் கொதிக்கிற இரும்பு. அதன் தலையில் பச்சைத் தண்ணீர். கோணாமல் என்ன செய்யும்?

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"நான்தான்" என்றான் உதயகுமார்.

பச்சைப் பொய். வாளியைத் தூக்குகிறவள் பூவிழி. அப்பன் வீட்டு எஞ்சினுக்குச் சிறுவயதிலிருந்து ஊற்றிய கை அது, வேண்டாமென்றாலும் கேட்காது.

ராபர்ட் டிஸ்க் உட்காருகிற ஹப்பில் ஏறியிருந்த துருவைத் தேய்த்து எடுத்து, வேறு டிஸ்க் வைத்து, நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக ஒரே சீராக முடுக்கினார். திரும்புகிற வழியெல்லாம் உதயகுமாருக்கு வாயெல்லாம் பல். இரண்டு மாதக் கேலிக்கும் சேர்த்து நல்லதாக நாலு வசனம் தயார் செய்துகொண்டு வந்தான்.

வாசலில் அவள் வாளியோடு நின்றாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு சக்கரத்தருகே மெல்லக் குனிந்தவளைப் பார்த்ததும் நாலு வசனமும் போன இடம் தெரியவில்லை.

"அர மணி ஆறட்டும் பூவு. சூட்டுல ஊத்துனா டிஸ்க்கு கோணிக்குமாம்."

அவள் வாளியைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள். "அப்போ இத்தினி நாளா ஆடுனது என்னாலயா?"

"நான்தான் ஊத்துனேன்னு ராபர்ட்டண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

பூவிழி வாளியைக் கொண்டுபோய்த் திண்ணையோரம் வைத்துவிட்டு, சக்கரம் ஆறட்டும் என்று அங்கேயே உட்கார்ந்தாள்.

எட்டாம் நாள் காலையில் வலி எடுத்தது. பஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளே போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள். காட்டூர் தாண்டி ஒரு எருமை குறுக்கே வர, உதயகுமார் பிரேக்கை அழுத்தி மிதித்தான். கார் ஒரு சிணுங்கல் இல்லாமல் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பூவிழி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கைமேல் தன் கையை வைத்தாள்.

"வண்டி நல்லாத்தான் கீது மாமா. உன் கைதான் நடுங்குது."