நாற்பத்தொரு நிமிடமும் ஒரு கத்தலும்

எழுதத் தெரிந்தவர் பலர் வாழும் தாமிரபரணிக் கரையில், விடுப்பு விண்ணப்பம் தவிர வேறொன்றும் எழுதி அறியாத ஒருவர் கதை சொல்லப் புகுவது அதிகப்பிரசங்கமே. பெரியோர் பொறுத்தருள வேண்டும். இதில் பிழை இருப்பின் அது எழுதியவரைச் சாரும். சுவை இருப்பின் அது இசக்கிச்செல்விக்கு உரியது.

இசக்கிச்செல்விக்கு வயது இருபத்து நான்கு. விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்துத் தேறியவள். மற்றவர் காதுகளுக்கு வாசற்கதவு ஒன்று உண்டு. வேண்டாத ஒலியை அது வெளியிலேயே நிறுத்திவிடும். அவள் காதுக்கு அந்தக் கதவு இல்லை. மின்விசிறியின் முனகல், டம்ளர் உருளும் ஓசை, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாம் ஒரே நேரத்தில் செருப்போடு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னபோது அவளுக்கு வருத்தம் வரவில்லை. இதற்கும் ஒரு பெயர் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆலைச் சங்கு எவ்வளவு ஓங்கி ஊதினாலும் அவளுக்குப் பயமில்லை. அது நேரம் சொல்லிவிட்டு வரும் விருந்தாளி. பேருந்து நிலையத்து ஏர்ஹாரன்தான் சொல்லாமல் வந்து பிடரியில் அடிக்கும்.

பாளையங்கோட்டையில், காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர்ந்தால் வேலை அவளுக்கு, இல்லையேல் அடுத்து நிற்பவருக்கு என்று கடைக்காரர் ஷமீம் நயமாகச் சொல்லிவிட்டார். அதற்கு ஏழு ஐம்பது பேருந்தைப் பிடித்தாக வேண்டும். ஒத்திகைக்காக இருமுறை நிலையம் வரை போனவள், இருமுறையும் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

ஆகவே அவள் ஒரு பெட்டி செய்தாள். சத்தத்தை அளந்து பெரிய எண்ணாகக் காட்டும். எண்பதைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும். முறைப்படி மனுக் கொடுத்து அனுமதி பெற்று, வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய திங்களன்றே அதை நிலையத்து டைம்கீப்பர் பூதலிங்கத்தின் அறைக்கு மேலே மாட்டினாள். சிவப்பைக் கண்டால் மனிதர்கள் வெட்கப்பட்டு அடங்குவார்கள் என்பது அவள் கணக்கு.

முதலில் உள்ளே வந்தது ஓட்டுநர் பேச்சிராஜின் வண்டி. வழக்கம்போல் ஹாரனை அழுத்தினார். பெட்டி 104 என்று காட்டிச் சிவந்தது.

"அது என்ன அண்ணாச்சி, நம்ம வண்டிக்கு லைட்டு எரியுது?"

"உன் சத்தத்துக்கு மார்க்கு போடுதுவே," என்றார் பூதலிங்கம், விளையாட்டாக.

அந்த விளையாட்டுதான் வினையாயிற்று. பின்னால் வந்த வண்டியின் ஓட்டுநர் மெர்வின் தன் ஹாரனை ஒரு மூச்சுக்கு அழுத்திப் பிடித்தார். 107. டீக்கடையில் கைதட்டல்.

"ஏலே பேச்சி! நூத்தி ஏழுலே! உன் வண்டிக்குத் தொண்டை கட்டிட்டா?" என்று கூவினார் மெர்வின்.

"காலைல எஞ்சினு பச்சத்தண்ணியா கெடக்கு வே. வண்டி சூடாகட்டும், காட்டுதேன்."

மாலைக்குள் எண் 112 ஆனது. நடத்துநர் ஒருவர் இசக்கிச்செல்வியிடம் வந்து, "தாயி, இதை ஒரு தாளுல எழுதி ஒப்பு போட்டுத் தாயேன். மொதலாளிகிட்ட காட்டணும்," என்று பணிவுடன் கேட்டார். அவள் காதை மூடியிருந்த ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

இரண்டு நாள் கழித்து அவளுக்குப் புத்தியில் பட்டது. இவர்களுக்கு ஆசை சத்தத்தின் மேல் அல்ல, எண்ணின் மேல். ஏணியைப் போட்டு ஏறி, பெட்டிக்குள்ளிருந்த நிரலை மாற்றினாள். இனி அது சத்தத்தைக் காட்டாது. அமைதி எத்தனை நிமிடம் நீடித்தது என்று எண்ணும். யாராவது எண்பதைத் தாண்டினால் பூச்சியத்துக்கு விழும்.

வெள்ளியன்று ஒன்பது நிமிடம். சனியன்று இருபத்திரண்டு. நிலையத்தின் குணமே மாறிப்போயிற்று. "அம்பை, அம்பை" என்று வண்டி போகும் ஊரை நடத்துநர்கள் ரகசியம்போல் சொல்லி அழைத்தார்கள். வெள்ளரிக்காய் விற்பவர் விரல்களால் விலை சொன்னார். அழத் தொடங்கிய குழந்தைக்கு நாலு பேர் சாவிக்கொத்து ஆட்டினார்கள். தும்மல் வந்த ஒருவரை, "வெளிய போய்த் தும்மும்வே!" என்று தோளைப் பிடித்துச் சாலைக்குத் தள்ளினார் பேச்சிராஜ்.

திங்கட்கிழமை வந்தது. இசக்கிச்செல்வி ஓடவில்லை. பெஞ்சில் அமர்ந்து, ஹெட்போனைக் கழற்றி மடியிலேயே வைத்துக்கொண்டாள். எதிரே எண் நாற்பதைத் தொட்டது. பெற்ற பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்திருந்தாள்.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளம்பும் வண்டி மூன்று ஹாரன் கொடுக்கும். முதலாவதற்கு டீக்கடையில் இருப்பவர்கள் டம்ளரை அண்ணாந்து கவிழ்ப்பார்கள், இரண்டாவதற்குக் காசு கொடுப்பார்கள், மூன்றாவதற்கு ஓடுவார்கள். கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

அன்று பேச்சிராஜ் ஒரு ஹாரனும் கொடுக்கவில்லை. ஏழு ஐம்பதுக்கு வண்டியைப் பூனைபோல் பைய நகர்த்தினார்.

டீக்கடையில் இருந்த பதினொரு பேர் திடுக்கிட்டு எழுந்து, கைகளை ஆட்டிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் ஒருவர் வாயும் திறக்கவில்லை! நாற்பத்தொரு நிமிடத்தைக் கெடுத்தவன் என்ற பழியை யார் சுமப்பது? ஊமைக் கூட்டம் ஒன்று வண்டியைத் துரத்துவதைக் கண்டுதான் இசக்கிச்செல்வி திரும்பினாள். வண்டி வாசலைக் கடந்துகொண்டிருந்தது. அடுத்த வண்டி எட்டரைக்கு. பத்துக்குள் போய்ச் சேராது.

அவள் ஓடினாள். ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்தது. பிறகு, தன் வாழ்நாளில் அதுவரை செய்யாததைச் செய்தாள்.

"பேச்சி அண்ணாச்சீ! வண்டிய நிப்பாட்டுங்க!"

வண்டி நின்றது. நிலையம் முழுவதும் நின்றது. எல்லாத் தலைகளும் பெட்டியை நோக்கித் திரும்பின. அது பூச்சியம் காட்டிற்று.

"ஏட்டி," என்றார் பூதலிங்கம், நெஞ்சில் கை வைத்து, "நீயே கெடுத்துட்டியேட்டி!"

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி!" என்று படியில் தொற்றிக்கொண்டே அவள் இன்னொரு முறை கத்தினாள். முதல் தடவையைவிட அது எளிதாக இருந்தது.

பதினொரு பேரும் மூச்சு வாங்க ஏறினார்கள். பேச்சிராஜ் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அந்தப் பெட்டியில கிளம்புததுக்குன்னு ஒரு பச்ச லைட்டு வையி தாயி. மூணு தடவ மின்னட்டும். இல்லன்னா நான் காலி வண்டிதான் ஓட்டணும்."

"சாயங்காலம் வச்சிருதேன்," என்றாள்.

ஒன்பது நாற்பத்தைந்துக்கு, ஒரு காலில் மட்டும் செருப்புடன், ஷமீமின் கடைப்படியில் அவள் நின்றாள். அவர் அவள் காலைப் பார்த்தார்; பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்; அவளுக்கான வேலை மேசையைக் காட்டினார்.

அன்று இழந்தவை: நாற்பத்தொரு நிமிடம், பதினேழு வினாடி அமைதி. இடது கால் செருப்பு ஒன்று. பாதியில் விடப்பட்ட டீ, பதினொரு டம்ளர். பெஞ்சிலேயே மறந்துவிட்ட ஹெட்போன் ஒன்று; மாலையில் தேடியபோது அது அங்கே இல்லை.