வில்ஃப் பெயரில் லீக்ஸ்

'கீழ்ப்பாலம்' தொடரில் யாரும் கொலையாவதில்லை. ஒரு வாத்து காணாமல் போகும், பாதிரியார் சைக்கிளோடு ஓடையில் விழுவார், கடைசியில் எல்லோரும் தேநீர் குடிப்பார்கள். ஞாயிறு மாலைகளில் இங்கிலாந்தில் பாதிப் பேர் அதைப் பார்த்தார்கள். நாங்கள் நான் நடத்தும் பப்பில் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். திரையில் தெரிந்த பாலமும் தேவாலயமும் எங்களுடையவை. அந்தப் பெருமை எங்களுக்கு இருந்தது.

மறுநாள் மதியம் இன்னொரு வேடிக்கை நடக்கும். தொடரின் இணையப் பக்கத்தில் பார்வையாளர்கள் எழுதியிருப்பதை நான் கைபேசியில் பார்த்து உரக்க வாசிப்பேன். ஒருவருக்கு இதைப் பார்த்த பிறகுதான் தூக்கம் வருகிறது. இன்னொருவருக்குப் பார்க்கும்போதே வந்துவிடுகிறது. லண்டன் பக்கம் குராய்டனில் இருக்கும் ஒரு பெண் வீட்டை விற்றுவிட்டு இப்படி ஓர் ஊருக்குக் குடிவரப் போவதாக வாராவாரம் எழுதுவாள். அவள் வந்து எங்கள் மழையில் ஒரு பிப்ரவரியைக் கழிக்கட்டும் என்று ஆலன் டாட் சொல்வார்.

வசந்தம் முடியும் தறுவாயில் வந்த கடைசிப் பகுதியில்தான் லீக்ஸ் வந்தது.

எங்கள் பக்கத்தில் லீக்ஸ், அந்தத் தடித்த வெங்காயத்தாள், சாப்பிடுகிற பொருள் மட்டுமல்ல. யாருடையது பெரிது என்று பார்க்கும் செப்டம்பர் போட்டிக்காக ஆண்கள் குளிர்காலம் முழுக்கப் பாத்தியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். என்ன உரம் போடுகிறோம் என்பதைப் பெற்ற மகனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். வில்ஃப் சார்ல்டன் அதில் ராஜா. அவர் இறந்தபோது நாற்றுகள் விரல் கனம்தான் இருந்தன. அவருடைய மனைவி நோர்மா அவற்றைக் கைவிடவில்லை. அந்த செப்டம்பரில் மூன்று லீக்ஸைத் தட்டில் வைத்து, வில்ஃபின் பெயரை அட்டையில் எழுதி, போட்டிக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார். போட்டிச் செயலாளர் ஆலன் டாட் அட்டையைப் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"வில்ஃப் வரலையா?" என்றார் ஆலன்.

"முழங்கால் படுத்துது. வீட்ல உக்காந்திருக்காரு."

ஆலன் தலையாட்டிவிட்டுத் தட்டை வாங்கி வைத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் அப்படியே நடந்தது. பரிசு அறிவிக்கும்போது ஆலன் வில்ஃபின் பெயரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். பிறகு நோர்மா எழுந்துபோய் அவர் சார்பில் கோப்பையை வாங்கிக்கொள்வார். தெருவில் பார்த்தால் அந்த முழங்காலைப் பற்றி விசாரிப்போம். அதற்கு மேல் யாரும் பேசியதில்லை, வெளியூர்க்காரர்களிடம் ஒருபோதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரையில் ஒரு விதவை மூன்று லீக்ஸைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். புருஷனுக்கு முதுகுவலி, வர முடியவில்லை என்றாள். பின்னணியில் மென்மையாகப் பியானோ. என் பப்பில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. நோர்மா கோப்பையில் இருந்ததை முழுக்கக் குடித்தார், கோட்டை மாட்டிக்கொண்டார், தொடர் முடியும்முன் போய்விட்டார்.

மறுநாள் மதியம் அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தொடர்க்காரர்களிடம் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். என்னையும் அப்படிப் பார்த்தார். செப்டம்பரில் மறுபடி அந்த அட்டையில் வில்ஃபின் பெயரை எழுத முடியுமா என்பதற்கான விடை அவருக்கு எங்களில் ஒருவரின் முகத்தில் இருந்தது.

பக்கத்தில் ப்ரெண்டா ஹெஸ்லப் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழிகள். வில்ஃபுக்கு முடியாமல் போன வாரங்களிலும், அவர் போன பிறகு வந்த முதல் செப்டம்பரிலும் நோர்மாவின் சமையலறையில் படுத்துக்கொண்டவர் ப்ரெண்டாதான்.

"ஆலனாத்தான் இருக்கும்டி," என்றார் ப்ரெண்டா, ஆலன் காதில் விழும்படியாகவே. "ஒரு பைன்ட் பீர் வாங்கிக் குடுத்தா அவரு சர்ச் மணியையே வித்துடுவாரு."

ஆலனின் காது சிவந்தது.

இன்றைக்கு வாசிக்க வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன். ப்ரெண்டாவும் அதையே சொன்னார். நோர்மா கேட்கவில்லை.

"வாசி கண்ணு," என்றார். "நாடு என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

வாசித்தேன். எல்லோரும் அழுதிருந்தார்கள். லீட்ஸில் ஒரு குடும்பம் நாயோடு சேர்ந்து அழுதிருந்தது. யாருடைய மனதையும் புண்படுத்தாத தொடர் இது ஒன்றுதான் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். குராய்டன் பெண் அந்தப் போட்டியை நேரில் பார்க்க ஆசைப்பட்டாள். அதற்குக் கீழே, 'தோட்டக்காரி' என்ற பெயரில் ஒரு கருத்து இருந்தது. யோசிக்காமல் அதையும் வாசித்துவிட்டேன்.

"அருமையான காட்சி. ஆனால் லீக்ஸைப் பச்சைத் தண்ணீரிலா துடைப்பார்கள்? வெதுவெதுப்பான பாலில்தான் துடைக்க வேண்டும். அதுவும் புதுத் துவாலையால் அல்ல. அவள் தன் புருஷனுடைய பழைய பனியனால் துடைப்பாள், துடைக்கும்போது அவருக்குக் கால்பந்து முடிவுகளைச் சொல்லிக்கொண்டிருப்பாள். இவ்வளவு அழகாக எடுத்தவர்கள் இதைத் தவறாகக் காட்டியிருக்க வேண்டாம்."

பால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். லீக்ஸ் பளபளக்க எல்லோரும் பாலில்தான் துடைக்கிறோம். பனியன் எங்களில் யாருக்கும் தெரியாது.

நோர்மா தன் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"நீ ஒருத்திதான் அந்த அடுப்படியில இருந்த," என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு லீக்ஸ் விஷயத்தில் ஒரு தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது. வேறெதையும் மறைத்திருப்பார் ப்ரெண்டா; திரையில் வந்த அந்தத் துவாலையை மட்டும் பொறுக்க முடியாமல் 'தோட்டக்காரி'யாக எழுதிவிட்டார்.

குளிர்காலம் முழுக்கத் தன் பின்வீட்டில் வாடகைக்கு இருந்த பையன்தான் தொடரை எழுதியவன் என்று பிறகு சொன்னார். நல்ல பையன், ஒவ்வொரு நாளும் சாப்பிட வருவான், காது கொடுத்துக் கேட்பான். இந்த வயதில் தன்னிடம் யார் அப்படிக் கேட்கிறார்கள் என்றார்.

"அசிங்கமாவா காட்டினாங்க? அழகாத்தானடி காட்டினாங்க. ஊரே, நாடே உனக்காக அழுதுச்சு."

"அது எனக்கும் அவருக்கும் மட்டும் இருந்துச்சு, ப்ரெண்டா. இனிமே நான் அந்தப் பனியனை எடுத்தா, குராய்டன்காரியும் கூட நிப்பா."

அந்தக் கோடையில் நோர்மா பப்புக்கு வரவில்லை. பாத்தியில் மட்டும் தினமும் குனிந்திருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முழங்காலைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

செப்டம்பரில் பேருந்து பிடித்து வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கூடாரத்தில் நிற்க இடமில்லை. எல்லோரும் அந்த விதவை யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மூலையில் ப்ரெண்டா வழக்கம்போல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நோர்மா வந்தார். லீக்ஸில் பளபளப்பில்லை. குழாயில் கழுவி அப்படியே எடுத்து வந்திருந்தார், வேரிடுக்கில் மண்கூட இருந்தது. ஆனாலும் அந்தக் கனத்துக்குப் பக்கத்தில் வேறெதுவும் நிற்கவில்லை. ஆலன் அட்டையைப் பார்த்தார். அதில் வில்ஃபின் பெயர் இல்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு தேநீர் மேசையை ஒருமுறை பார்த்தார்.

"ப்ரெண்டா வரலையா?" என்றார், குரல் அடங்கி.

"முழங்கால் படுத்துது," என்றார் நோர்மா.

ஆலன் தலையாட்டிவிட்டுத் தட்டை வாங்கி வைத்தார்.

முதல் பரிசு அதற்குத்தான். ஆலன் பெயரைக் கூப்பிட்டார், ப்ரெண்டா ஹெஸ்லப் என்று. தன் பெயர் காதில் விழுந்ததும் ப்ரெண்டா கெட்டிலைக் கீழே வைத்தார். கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு முன்னால் ஓரடி எடுத்து வைத்தார். எங்களில் ஒருவரும் அவருக்கு வழிவிடவில்லை; அவர் அங்கே இல்லாததுபோல யாரும் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆலன் வழக்கம்போல் கொஞ்சம் காத்திருந்தார்.

பிறகு நோர்மா எழுந்துபோய் அவர் சார்பில் கோப்பையை வாங்கிக்கொண்டார். வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள்.