இறைக்காத கிணறு

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் ஓர் ஆண்டு ஆகப்போகிறது. சாய்ந்தமருதில் றாஹிலாவின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. கிணற்றுத் தண்ணீர்தான் இன்னும் வாயில் வைக்க முடியாத உப்பு. தண்ணீர் சரியாகாமல் திரும்ப மாட்டேன் என்று அவளுடைய உம்மா ஹவ்வா உம்மா சொல்லிவிட்டதால், குடும்பம் மாவடிப்பள்ளியில் சொந்தக்காரர் வீட்டு அறை ஒன்றில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளையாவது சொந்த வீட்டில் கொண்டாட வேண்டும் என்பது றாஹிலாவின் ஆசை.

அவள் கணவன் ஜவுபருக்குச் சந்தேகமே இல்லை. உப்புத் தண்ணீரை இறைத்து முடித்தால் நல்ல தண்ணீர் ஊறிவிடும். தெருவே அப்படித்தான் நம்பியது. வயலுக்கு இறைக்கும் மோட்டரைக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் ஓடவிட்டான்.

"இன்னம் உப்பா இரிக்கே மச்சான்," என்றாள் றாஹிலா.

"இன்னம் இறைக்கோணும்."

"இறைக்க இறைக்கக் கூடுதே!"

"உனக்கு நாக்குச் சரியில்ல புள்ள."

ஒருநாள் மோட்டர் பழுதானது. சீமெந்து குழைக்கத் தண்ணீர் எடுக்க, றாஹிலா பக்கத்து வீட்டு வளவுக்குப் போனாள். அந்த வளவுக்காரர் மீராமுகைதீன் இன்னும் திரும்பி வரவில்லை. அவருடைய கிணற்றில் ஒரேயொரு முறை சேறு அள்ளியதோடு சரி, பிறகு யாரும் தொடவில்லை. வாய் கொப்பளித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உப்பு மிகவும் குறைவு.

"அது வேற கிணறு, இது வேற கிணறு," என்றான் ஜவுபர்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

அடுத்த முறை வீடு பார்க்க உம்மா வந்தபோது, றாஹிலா இரண்டு தண்ணீரிலும் தேத்தண்ணி போட்டு வைத்தாள்.

"எது நம்மட கிணறு? சொல்லுங்க பாப்பம்."

ஜவுபர் ஒன்றைக் குடித்து முகத்தைச் சுளித்தான். மற்றதைக் குடித்துவிட்டு நிமிர்ந்தான். "இதுதான். நான் இறைச்ச தண்ணி எனக்குத் தெரியாதா?"

றாஹிலாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "அது மீராமுகைதீன் காக்காட கிணறு!"

"எனக்குப் பிரசர் ஏறுது," என்று ஹவ்வா உம்மா கோப்பையைத் தள்ளி வைத்தாள். "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க."

ஜவுபர் இரண்டு கோப்பைகளையும் மாறி மாறிக் குடித்தான்.

"அப்ப இறைக்க இறைக்க உப்பு ஏன் கூடுது?" என்றான் கடைசியில். "எனக்குத் தெரியா."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து றாஹிலா அவன் வாயில் கேட்டிராத சொல் அது.

"எனக்கும்தான் தெரியா. மாரி முடியும்வர இறைக்காம விட்டுப் பாப்பம்."

"அதும் பிழைச்சுப்போனா?"

"திரும்ப இறைங்க. மோட்டர் எங்க போகப்போகுது?"

நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. கடலோர மணலுக்கு அடியில், தண்ணீரில் தேங்காயெண்ணெய் மிதப்பதைப் போல, உப்பு நீருக்கு மேலே அது மெல்லிய படையாக மிதக்கிறது. வாளியால் மெதுவாக அள்ளினால் அந்தப் படை கலையாது. மோட்டர் வேகமாக உறிஞ்சும்போது மேல்படை போய்விடும். அந்த இடத்தைப் பிடிக்க அடியிலிருந்து உப்பு எழும்பி வரும். மழைதான் படையைத் திரும்பக் கட்டித்தர வேண்டும். இந்தக் கணக்கு எதுவும் அன்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

மாரி மழை கொட்டியது. மோட்டரைப் பார்க்கும்போதெல்லாம் ஜவுபருக்குக் கை துருதுருத்தது; தொடவில்லை. பெருநாளுக்கு முந்திய வாரம் ஹவ்வா உம்மா வந்து ஒரு மிடறு குடித்தாள். பிறகு இன்னொரு மிடறு.

"கொஞ்சம் உப்பு இரிக்கி. சோத்துக்கு உப்புப் போடத் தேவல்ல, மிச்சம்." திரும்பிப் பார்த்தாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? போய்ச் சாமான ஏத்துங்க."

றாஹிலா ஏற்கெனவே வேலிப் படலையைத் தாண்டித் தெருவில் இறங்கியிருந்தாள்.

"கோடைக்கும் இப்பிடியே இரிக்குமா மருமகன்?"

"தெரியா மாமி," என்றான் ஜவுபர் உற்சாகமாக. "குடிச்சுப் பாத்துத்தான் சொல்லோணும்."