நியூட்ரலும் நலச்சங்கத் தலைவரும்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பின் நலச்சங்கத் தலைவர் வைத்திலிங்கம். அவர் கை வைத்தது எதுவும் உருப்பட்டதில்லை என்பது அதே தெருவில் காடை வளர்க்கும் அமிர்தத்தின் முடிவு. இந்த முறை டிரான்ஸ்பார்மரில் கை வைத்தார். அதன் அடியில் டைல்ஸ் போட்டுத் தன் பெயர் பொறித்த கல்லையும் பதித்தார். மேலிருந்து மண்ணுக்குள் இறங்கும் இரும்புப் பட்டை இடைஞ்சலாக இருந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. தண்டக் கம்பி என்று தீர்ப்புச் சொல்லி, கொத்தனாரை விட்டு ஆட்டி அறுக்கவைத்தார். மெத்தப் படித்த மூஞ்சூறு!

மறுநாள் காலை அமிர்தத்தின் பொரிப்புப் பெட்டியில் பல்புகள் மங்கின. உள்ளே முந்நூறு காடை முட்டைகள், அடுத்த நாள் விடிந்தால் பொரிய வேண்டியவை. பல்புச் சூடு இல்லாவிட்டால் அத்தனையும் பாழ். பதறிப்போய் லைன்மேன் கிபாயத்துல்லாவைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "உள்ள மூணு சுருளும் ஒண்ணா சேர்ற முனை அது, அக்கா. தெருவுக்கு நியூட்ரல் அங்கேருந்துதான் போவுது, மண்ணுக்கு எர்த்தும் அங்கேருந்துதான் எறங்குது. பட்டைய ஆட்னதுல போல்ட்டே கழண்டுடுச்சு. இனிமே ஒரு வூட்ல கரண்டு அழுவும், ஒரு வூட்ல எகிறும். ஆஃப் பண்ணிட்டு டைல்ஸ ஒடைச்சாத்தான் ஆவும்."

வைத்திலிங்கம் ஓடிவந்து குறுக்கே நின்றார். "சாயங்காலம் தெறப்பு விழா. ஒரு சில்லு பேந்துச்சு, ஒன்ன மங்கலம்பேட்டைக்குத் தூக்கி அடிச்சிருவேன். எங்க வூட்ல லைட்டு எப்புடி ஜொலிக்கிது பாரு!"

"தலைவரே, அது முந்நூறு வோல்ட்டு. மெயின ஆஃப் பண்ணுங்க."

"தலைவர் வூடுன்னா அப்புடித்தான் வரும்."

அதிகாரிக்குப் போன் போட்டு மூன்று மணி நேரம் இழுத்தடித்தார். அமிர்தம் பெட்டிக்குக் கம்பளி போர்த்திக்கொண்டு அவரை வாய் ஓயாமல் சபித்தாள். கத்திக் கத்தி வியர்த்துப்போன தலைவர் வீட்டுக்குள் போய் ஏசியைப் போட்டார். டமார்! கூடவே டிவியும் புகைந்தது. அப்புறம் டைல்ஸை உடைக்கச் சொல்லி அலறியவரும் அவர்தான்.

கிபாயத்துல்லா சரிசெய்து முடித்தபோது முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. மறுநாள் ஒன்றுகூடப் பொரியவில்லை. அமிர்தம் அழுதாள்.

அந்தக் கண்ணீர் காய்வதற்குள் வைத்திலிங்கம் மனுவோடு வந்து நின்றார். எல்லாச் சேதத்துக்கும் லைன்மேன் கிபாயத்துல்லாவின் அலட்சியமே காரணம் என்று எழுதியிருந்தது. "ஒனக்குத்தாம்மா நஷ்டம் ஜாஸ்தி. மொதக் கையெழுத்து நீ போடு."

அமிர்தம் பேனாவை எடுத்தாள். மனுவை வாங்கினாள், 'லைன்மேன் கிபாயத்துல்லாவின்' என்பதை அடித்தாள், மேலே 'நலச்சங்கத் தலைவர் வைத்திலிங்கத்தின்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்தவர் எழுதியதைப் படிக்கும் வழக்கம் தலைவருக்கு இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாரும் படித்தார்கள், ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். தன் செல்வாக்கை நினைத்துப் பூரித்துப்போன வைத்திலிங்கம், அன்றைக்கே கடலூருக்கு பஸ் ஏறி மின்வாரியத்தின் பெரிய ஆபீசில் மனுவைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தார்.