மழைக்கோட்டின் இடைவெளி

அறிவிப்பைக் கேட்க வந்த நிருபர்கள் அருங்காட்சியகக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோதுதான், உள்ளறையில் கம்ப்யூட்டர் முன் இருந்த அவள் கண்ணில் தன் புரோகிராமின் தப்பு பட்டது. நல்ல நேரம் பார்த்துப் பட்டது, சனியன்!

அருங்காட்சியகத்தில் பழைய ஜப்பானிய மர அச்சுப்படம் ஒன்று இருந்தது. கொட்டும் மழையில் ஒரு படகு. ஒரே கட்டையில் அச்சடிக்க அடிக்க மரம் தேயும். மெல்லிய மழைக்கோடுகள் அங்கங்கே அறுபடும். கோடு முழுசாக இருந்தால் முதலில் அடித்த பிரதி, அறுந்திருந்தால் பின்னால் அடித்தது. மற்ற ஊர்களில் இருந்த பிரதிகளின் ஸ்கேன்களோடு ஒப்பிட்டு, அறுந்த இடங்களை எண்ணத்தான் புரோகிராம் எழுதினாள். இருப்பதிலேயே மூத்தது இவர்களுடையதுதான் என்று அது அடித்துச் சொன்னது. அச்சுப்படப் பிரிவின் பொறுப்பாளர் அவளுடைய அண்ணி. அதை இன்னும் சற்று நேரத்தில் ஊரறிய அறிவிக்கப்போகிறவரும் அவர்தான்.

மற்ற ஸ்கேன்கள் சுத்தமாக வந்தன. இவர்களுடையதில் மட்டும் தூசி. அதைத் துடைக்க, அந்த ஒரு ஸ்கேனுக்கு மட்டும், புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருந்தாள். மைக்கு நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மூடிவிடும். அறுந்த மழையையும் தூசி என்று நினைத்து அது ஒட்டவைத்திருந்தது. வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். படம் வரிசையின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் என்றைக்காவது ஒருவன் கண்டுபிடித்தால் அண்ணியின் பெயர்தான் நாறும். எழுந்து ஓடினாள்.

கூடத்தின் வாசலில் அண்ணி புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, உள்ள போகாதீங்க. நம்ம படம் மூத்தது இல்ல. கோடு அறுந்துதான் இருக்கு. என் புரோகிராம்தான் அதை மூடிடுச்சு. தப்பு என்னுது."

கண்ணாடியைத் துடைத்த கை அப்படியே நின்றது.

"அறுந்துதான் இருக்கா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

"படகுக்கு மேல, இடது பக்கம்?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"லென்ஸ் வெச்சுப் பாத்தப்பவே தெரிஞ்சுது குட்டி. உன் கம்ப்யூட்டர் இல்லன்னு சொல்லிச்சு. சரி, நமக்குத்தான் கண்ணு போச்சுன்னு நெனச்சுட்டேன். டாக்டர்கிட்ட போனேன். புதுக் கண்ணாடி போட்டும் அறுந்தே தெரிஞ்சுது. இன்னிக்கு இதை அறிவிச்சுட்டு வேலைய விட்டுடலாம்னு இருந்தேன். உங்கண்ணன்கிட்டகூடச் சொல்லல."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி கைப்பையைத் துழாவிப் பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கண்ணைத் தொடை. உள்ள வந்து நீயே சொல்லு. அறுந்த இடத்தை நான் காட்டறேன்."

இருவரும் உள்ளே போனார்கள்.