மெஷின் போட்ட கோடு

“இன்னும் அடிக்குது பாரு,” என்றார் அம்மா ஆமினா பீவி. அண்ணனுக்கு போன் செய்துவிட்டு அமீரா அப்போதுதான் வார்டுக்குள் நுழைந்தாள். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் பச்சைக் கோடு எழும்பும்போதெல்லாம் அம்மாவின் விரல் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டியது.

அமீராவின் தகப்பனார் அப்துல் கையூமுக்கு இனி வைத்தியமில்லை என்று காலையிலேயே டாக்டர் கையை விரித்துவிட்டார். உயிர் இருக்கும்போதே காதில், இறைவன் ஒருவனே என்னும் கலிமாவைச் சொல்ல வேண்டும். அதை மூத்தவன் வாயால் கேட்க வேண்டும் என்பது அத்தாவின் ஆசை. இப்ராஹீம் சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங்கிலிருந்து டாக்சியில் வந்துகொண்டிருந்தான்.

“நானாச்சும் சொல்றேன்மா,” என்று அமீரா முன்பே கேட்டிருந்தாள்.

“அடிக்குதுல்ல. அண்ணன் வரட்டும்.”

இப்போது அவள் திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். அத்தாவின் நெஞ்சில் வைத்து, இதயத்தை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டிருந்த பேஸ்மேக்கரின் கோடு குச்சி குச்சியாக ஒழுங்காய் விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் இதயம் பதில் சொல்லும் மேடு மட்டும் இல்லை. கருவி அடிக்கிறது, இதயம் நின்றுவிட்டது.

கிளமெண்டியில் ஒரு லேப்பில், மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. அந்தக் கருவி மின் அலையை முழுதாகப் பார்ப்பதில்லை. விட்டு விட்டுப் புள்ளி எடுத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துக் காட்டும். நடுவில் நழுவியது நழுவியதுதான். பேஸ்மேக்கரின் மின் துடிப்பும் அப்படி நழுவிவிடும் அளவுக்குக் குறுகியது. அதனால் இந்தத் திரை அதைத் தனியாகப் பிடித்து, தானே ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. அந்தக் கோட்டுக்குத்தான் அம்மா தட்டிக்கொண்டிருந்தார்.

திரையை நம்பாதீர்கள் என்று லேப்பில் எல்லோருக்கும் சொல்பவள், காலை முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தாவின் முகத்தை யாருமே பார்க்கவில்லை.

இப்ராஹீம் மூச்சிரைக்க வந்தான். “லிஃப்ட் வரவே இல்ல லா,” என்றவன், குனிந்து அத்தாவின் காதோடு வாய் வைத்து, நிதானமாகக் கலிமா சொன்னான். பச்சைக் கோடு மாறாமல் விழுந்துகொண்டிருந்தது.

“நல்லவேளை, நேரத்துக்கு வந்துட்டான். அத்தா கேட்டுட்டாருல்ல? நீதான் டெய்லி ஸ்கிரீன் பாக்குறவ, சொல்லு,” என்றார் அம்மா.

அமீரா அத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

“கேட்டுட்டாருமா.”

இனி ஆயுசுக்கும் இந்தப் பொய்யை அவள் ஒருத்திதான் சுமக்க வேண்டும்.

டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். உயிர் எப்போது போனது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. இப்ராஹீம் அத்தாவின் கண்களை மூடினான். நர்ஸ் திரையை அணைத்தார்.

அம்மாவின் விரல் கட்டில் கம்பியில் அதே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.