மாடியில் பதில் சொல்கிறவள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழித்துறையில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் குமாரதாஸ், எனக்கொரு வீடு காட்டக் கூட்டிப்போன வழியில் சொன்னது. வீடு எனக்குப் பிடிக்கவில்லை. கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

எப்படித் தொடங்குவது என்பதில் தடுமாறினேன். ‘ஆற்றுப்பாலத்தின் மேல் மழை’ என்று எழுதினேன். அன்று மழையே இல்லை. ‘அந்த வீட்டில் ஏதோ இருந்தது’ என்று எழுதினேன். அப்படிச் சொன்னால் நீங்கள் உடனே பேயைத் தேடுவீர்கள். [இன்னொன்று: ‘பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக்கூடாது என்று’ — வேண்டாம்.] வீடு தேடிய பெண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

2

ஷிஜிக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கட்டின புருஷன் லிஜினோடு இனி ஒத்துப்போகாது என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவள், பெண்கள் விடுதியில் ஒற்றைக் கட்டிலில் காலந்தள்ளினாள். விடுதியை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறோம், அறையை ஒழித்துத் தாருங்கள் என்று உரிமையாளர் சொன்ன அன்று அவளுடைய அலைச்சல் தொடங்கியது.

ஊரில் வீட்டுக்குப் பஞ்சமில்லை. வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடிகள் பூட்டியே கிடந்தன. அவள் சம்பளத்துக்கு அவற்றின் பக்கமே போக முடியாது. கைக்கு எட்டிய வீடுகளிலோ ஆளைப் பார்த்தார்கள். எந்தச் சர்ச் என்று ஒருத்தர் கேட்டார். மீன் பொரிப்பாயா என்று இன்னொருத்தர். கருங்கல் ஊர் வரை போய்ப் பார்த்த வீட்டில், சாவியை நீட்டிய அம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

“மாப்பிள எப்பம் வருவாரு?”

“வரமாட்டாரு. நான் மட்டுந்தான்.”

“அய்யோ மக்கா, அது செரிப்படாது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்லது?”

3

பொன்னுலிங்கத்தின் வீட்டைக் குமாரதாஸ்தான் காட்டினார். கீழே பொன்னுலிங்கமும் மனைவி உலகம்மையும். மேலே இரண்டு அறை, அடுக்களை, தென்னந்தோப்பைப் பார்த்த ஜன்னல். வெளிப்பக்கமாக ஏறும் படி. ஊரில் கேட்கிற வாடகையில் பாதிதான். சாதி, சர்ச், மாப்பிள்ளை எதையும் பொன்னுலிங்கம் கேட்கவில்லை. மனைவியின் காதில் விழாதபடி ஷிஜியை முற்றத்து ஓரத்துக்கு அழைத்துப்போனார்.

“எனக்க மக சுஜா மஸ்கட்ல நர்ஸா இருக்கா. அவ போனதுக்குப் பொறவு இவளுக்கு ஓர்மை செரியில்ல. பொழுதடையும்போ மேல பாத்து, ‘சுஜா, வந்தியா?’ன்னு விளிப்பா. ‘வந்தேம்மா’ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும். பதில் கேக்கல்லேன்னா விடியுத வரைக்கும் அழுகைதான். அது மட்டும் செய்யணும் மக்கா.”

“வேற ஒண்ணும் இல்லியே?”

“வேற ஒண்ணும் இல்ல.”

(இந்த இடத்தில் ஷிஜிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. விவரம் தெரிந்த பெண், இன்னொருத்தியின் பெயருக்குப் பதில் சொல்லச் சம்மதிப்பாளா? குமாரதாஸிடமே கேட்டேன். “தெருவுல நிக்கதவிட அது கொள்ளாமில்லியா சாரே?” என்றார். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.)

4

முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தி மயங்கும் நேரம், கீழேயிருந்து குரல் வரும். ஷிஜி ஜன்னலருகில் போய் “வந்தேம்மா” என்பாள். அப்புறம் படியில் ஒரு கிண்ணம் இருக்கும். அவித்த மரச்சீனிக் கிழங்கும், தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகுச் சம்மந்தியும். வந்தாயா என்று யாரும் அவளைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நாளாக ஆக, கூப்பிடும் முன்பே அவள் ஜன்னலுக்குப் போய் நிற்கத் தொடங்கினாள்.

ஒருநாள் ஸ்கேன் சென்டரில், காத்திருந்தவர்களில் ஒரு சுஜாவை உள்ளே கூப்பிட்டார்கள். ஷிஜி எழுந்து நின்றுவிட்டாள்.

பிறகு பேருந்து வழியில் நின்றுபோன அந்த நாள். இருட்டியபின் சுஜா ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு —

[மேலே உள்ள வரியை நான் வெட்டவில்லை. வாசித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஷிஜி. ஷிஜிதான் ஓடிவந்தாள்.]

உலகம்மை அழுதுகொண்டிருப்பாள் என்று பயந்து வந்தாள். அவளோ விளக்கேற்றிவிட்டு, நிம்மதியாகப் பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பஸ்ஸு பிந்திப்போச்சும்மா. நீங்க விளிச்சியளா?”

“விளிச்சேனே. வந்தேம்மான்னு சொன்னியே.” உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். “அதுக்கு எடையில எப்பம் கீழ எறங்குன?”

ஷிஜி பொன்னுலிங்கத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே போனாள். காலையில் அவள் பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது.

அன்றைக்கே அவள் கிளம்பியிருக்க வேண்டும் என்பீர்கள். எங்கே போவாள், அதையும் சொல்லுங்கள்.

5

ஓணத்தை ஒட்டிச் சுஜா லீவில் வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. டாக்சியிலிருந்து இறங்கிப் பெட்டியோடு முற்றத்தில் நின்றவளை உலகம்மை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வீடு பாக்க வந்தியா மக்கா? மேல எனக்க மகளாக்கும் இருக்கா. எடமில்ல.”

“அம்மா, நான்தாம்மா.”

“எடமில்லேன்னு சொன்னேனே பிள்ளே.”

வேலை முடிந்து திரும்பிய ஷிஜி, மாடிப்படியின் அடியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவளைக் கண்டாள். அழுது ஓய்ந்த முகம். போனில் அப்பா எல்லாம் சொல்லியிருப்பார் போலும்.

“நீதான் நான், இல்லியா?” என்றாள் சுஜா. கோபமில்லை, களைப்புதான். “இண்ணைக்கு ஒருநாள் நீ பதில் சொல்லாண்டாம். நான் சொல்லட்டு. எனக்க சத்தம் கேட்டா அம்மைக்கு ஓர்மை வரும்.”

நினைவு திரும்பினால் மாடி வீடு யாருக்கு என்று ஷிஜிக்குத் தெரியும். ஆனாலும் தலையசைத்தாள்.

தென்னைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்தது. உலகம்மை முற்றத்துக்கு வந்தாள். எதிரில் நின்ற இரண்டு பெண்களையும் தாண்டி, மாடியைப் பார்த்தாள்.

“ஏட்டி சுஜா, வந்தியா?”

சுஜா வாயைத் திறந்தாள். அம்மா தன்னைப் பார்க்கவே இல்லை என்று கண்டதும் மூடிக்கொண்டாள். ஷிஜி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சத்தமும் இல்லை.

உலகம்மையின் முகம் மலர்ந்தது. “வாறாளாம்” என்றாள், இருவரிடமும். “கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க பிள்ளைகளே. அவ எறங்கட்டு.”

6

இந்த இடத்தில் நாங்கள் பார்க்கவேண்டிய வீடு வந்துவிட்டது. குமாரதாஸ் சாவியைத் தேடத் தொடங்கினார். பிறகு நான் எத்தனை கேட்டும் அவர் மேற்கொண்டு சொல்லவில்லை.

எழுதிப் பார்த்தேன். ஒரு முடிவில் மூன்று பெண்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில், எல்லாம் உலகம்மையின் நோய் என்று மருத்துவர் விளக்கினார். பூட்டிய வீட்டைப் பற்றி அவரிடம் கேட்க ஷிஜியை நான் விடவில்லை. மூன்றாவதில் ஒரே வரி: ‘மேலே தாழ்ப்பாள் —’ அதற்குமேல் கை ஓடவில்லை.

ஷிஜியும் சுஜாவும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். அதுவரை உறுதியாகத் தெரியும். படி உங்கள் முன்னால் இருக்கிறது. நிமிர்ந்து பார்ப்பதும் பாராததும் உங்கள் இஷ்டம். வழியை மட்டும் மறிக்காதீர்கள்.